புழுதி விதைப்பும் பழுப்பு வரைபடமும்

காற்றில் மிதக்கும் புகையும் தூசியும் பருவமழையை என்ன செய்கின்றன என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. ஒரே பருவத்தைப் புகையோடு ஒரு முறை, புகை இல்லாமல் ஒரு முறை ஓட்டுவோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்களுக்கு வேண்டியது. அடுத்த வாரம் மழை வருமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. இதைக் கூட்டங்களில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொந்த அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் கடம்பூர்ப் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம் பார்க்கிறான். அங்கே புரட்டாசியில், மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் உளுந்தையும் பாசியையும் விதைத்துவிடுவார்கள். மழை விழுந்துவிட்டால் கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும், டிராக்டர் இறங்காது. எனக்கும் இது தெரியாததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு புரட்டாசியில் போன் செய்தான். "ஏட்டி, ஒன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? வெதைக்கட்டுமா, பொறுக்கட்டுமா?"

அந்த நேரம் என் திரையில் இருந்த வரைபடத்தில் எங்கள் வட்டாரம் பழுப்பாக இருந்தது; மழை குறையும் இடத்துக்கு அந்த நிறம். புகைமூட்டம் வெயிலை மறைத்தால் தரை சூடேறாது, மழை பிந்தும் என்று ஓர் ஓட்டம் காட்டியிருந்தது. அண்ணன் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமை தலைக்கேறிவிட்டது. "பொறுண்ணே. இந்த வருசம் மழை பிந்தும். இப்ப வெதச்சா வெத வீணாப் போயிரும்" என்றேன், ஏதோ வானத்தையே விலைக்கு வாங்கியவள் மாதிரி.

பொறுத்தான். சுற்றிலும் எல்லோரும் விதைத்தபோது விதை மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கிவைத்துவிட்டுப் பொறுத்தான். பத்தே நாளில் மழை பிடித்தது. விட்டுவிட்டு மூன்று வாரம். பக்கத்துக் காடெல்லாம் பச்சை. அண்ணன் காட்டில் சேறு. அது காய்ந்து அவன் விதைத்தபோது பருவம் தப்பியிருந்தது. செடி பூத்த நேரத்தில் மழை நின்றுபோய், காய் பிடிக்கவில்லை.

பொங்கலுக்குப் போனேன். மதினி சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், ஒரு வார்த்தை பேசவில்லை. "மழைய யாரு கண்டா? அவ என்ன செய்வா, பாவம்" என்று அண்ணன்தான் எனக்காகப் பேசினான். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வரைபடத்தில் ஒரு கட்டம் கோவில்பட்டியையும் கடம்பூரையும் சேர்த்தே விழுங்கிவிடும்; அதில் அவன் காடு எங்கே தெரியப்போகிறது? சொன்னால் என் படிப்பின்மேல் அவன் வைத்திருக்கும் மதிப்பு போய்விடுமே என்று, வாயை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த புரட்டாசியில் மறுபடியும் போன். "ஏட்டி, இந்த வருசம் என்ன சொல்லுது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "என்னயக் கேக்காதண்ணே. அது வெதைப்புக்குப் பாக்குற படமே இல்ல. போன வருசமே எனக்குத் தெரியும்" என்று அழுதுவிட்டேன்.

"அழாதட்டி. நான் வெதச்சு ஒரு வாரமாச்சு. கேக்காட்டா நீ சங்கடப்படுவியேன்னுதான் கேட்டேன்" என்றான்.

பிறகு மெதுவாகக் கேட்டான்.

"தெரிஞ்சேவா பொறுக்கச் சொன்ன?"

"ஆமாண்ணே" என்றேன்.