அண்ணிக்காக நான் எழுதிய விண்ணப்பம்

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். ஊரில் இருக்கும் அண்ணியின் மகனுக்கு ஏழு மாதம். ஊரில் பெண்களுக்கென்று பால் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாலின் தரம் சோதிக்கும் வேலைக்கு அண்ணி உட்பட ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதுவரை மாடு கறந்தது அண்ணி, பால் புத்தகம் அண்ணன் பெயரில். ஆனால் வேலையில் சேர, டவுனில் மூன்று நாள் தங்கிப் பயிற்சி முடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

"நீ படிச்சவ. பிள்ளையத் தூக்கிட்டு வரலாமான்னு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு" என்று அண்ணி போனில் கேட்டார்.

நான் சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். மகள் தள்ளுவண்டியில் தூங்கிய நேரத்தில், கடையோரம் நின்று கைப்பேசியில் எழுதினேன். மரியாதை குறைந்துவிடுமோ, என்னால் வேலை கைநழுவிவிடுமோ என்று திருத்தித் திருத்தி ஒரு பக்கமாகிவிட்டது. அனுப்பிவிட்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குள் நுழையும் முன்பே அண்ணி அழைத்தார்.

"ஏம்மா, இதுல நாலு இடத்துல மன்னிப்புக் கேட்டிருக்க. நான் என்ன பாலைத் திருடிட்டேனா?"

"பணிவா இருக்கட்டுமேன்னுதான் அண்ணி..."

"பிள்ளை அழுதா வெளிய போயிடுறேன்னு வேற எழுதியிருக்க. வெளிய நின்னு என்னத்தக் கத்துக்கிறது? பயிற்சிக்குப் போற ஆறு பேர்ல நாலு பேரு கைப்பிள்ளைக்காரி. மூணு நாளும் மாட்டை யாரு கறப்பா, உங்கண்ணனா? அவரு கிட்டப் போனாலே அது காலைத் தூக்குது."

நான் சிரித்த சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள்.

சுவா சூ காங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினேன். ஐந்தே வரி. பயிற்சியைச் சங்கக் கட்டடத்திலேயே, காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் நடத்துங்கள். குழந்தைகள் எங்களுடன் இருப்பார்கள். ஊரில் ஆறு பேரும் கையெழுத்திட்டார்கள். மனசு கேட்காமல் 'தயவுசெய்து' ஒன்றைச் சேர்த்திருந்தேன். அதை மட்டும் அண்ணி விட்டுவைத்தார்.

பதில் வரும்வரை எனக்கு ஒரே யோசனை. பணிவான கடிதத்தையே அனுப்பியிருக்கலாமோ? கடைசியில், பயிற்சியாளரே ஊருக்கு வந்தார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மாலை வீடியோவில் அழைத்தேன். இடுப்பில் மகனோடு சங்கத்து வாசலில் நின்றிருந்தார் அண்ணி.

"பிள்ளை சாப்பிட்டானா அண்ணி? கூட்டத்தப் பாத்து அழலையே? உங்களுக்குக் கை வலிக்கலையா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கான். பால் வந்துடுச்சு, வரிசையில நிக்கிறாங்க. நீ அப்புறம் பேசு."

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.