கதிரை போட்டுப் பார்த்தவர்

இன்றைக்கும் யாராவது என் முன்னால் ‘அவதானிப்பு முறை’ என்று வாயெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமூக ஆய்வாம்! தரவாம்! மண்ணாங்கட்டி.

கடல் ஊருக்குள் வந்து என் ராத்தாவின், அதாவது என் அக்காவின், கணவரைக் கொண்டுபோன பிறகு, சாய்ந்தமருதில் ஒரு வெறும் வளவில் கூடாரம் அடித்துத் தந்தார்கள். எனக்கொன்று, பக்கத்தில் ராத்தாவுக்கொன்று. ராத்தா இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தானால், குறித்த காலம் முடியும்வரை எங்கள் பெண்கள் பிற ஆண்களின் கண்ணில் படமாட்டார்கள். கூடார வாசலில் இரண்டு சேலைகளைக் கட்டி மறைத்துவிட்டு உள்ளேயே கிடந்தாள். தண்ணீர், சோறு, நிவாரணச் சாமான் எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நாள் முழுக்க என் காலைச் சுற்றித் திரிந்தார்கள்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அந்த ஆய்வாளர் வந்தார். நன்றாகத் தமிழ் தெரியும்; ஆனால் யாரோடும் பேசமாட்டார். வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, யார் தண்ணீருக்கு வருகிறார்கள், எந்தக் கூடாரத்தில் ஆள் புழங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பார்த்துச் சொல்கிற குடும்பங்களுக்குத்தான் தற்காலிக வீடு.

ராத்தாவுக்கு வீடில்லை என்றார்கள். அந்தக் கூடாரத்தில் ஆளே இல்லையாம். நான்தான் இரண்டு கூடாரம் பிடித்து வைத்திருக்கிறேனாம்! நேரே மரத்தடிக்குப் போனேன்.

“உள்ளுக்கு எங்கட ராத்தா இத்தா இரிக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா ஆக்கள் தங்களுக்கு ஏத்த மாதிரிச் சொல்லுவாங்க. அதனாலதான் பார்க்கிறம்,” என்றார், எனக்குப் பாடம் நடத்துகிறவர் போல. “அவங்கள ஒருக்கா வெளியில வரச் சொல்லுங்க. பார்த்தாச் சரி.”

“யா அல்லாஹ்! அதத்தானே ஏலாதெண்டு செல்லுறன். ஒரு பொம்புளையக் கூட்டி வாங்க, உள்ளுக்குப் போய்ப் பார்க்கட்டும்.”

“எங்கட குழுவில பொம்பிளைகள் இல்லையே.”

நான் கத்திய கத்தலில் ராத்தாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. சேலைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

“தம்பி, நான் இஞ்சதான் இரிக்கன். கதைக்கிறது கேக்குதா?”

“கேக்குது,” என்றார் அந்த மனிதர். பிறகு என்னைப் பார்த்து, “ஆனா நான் பார்க்கல்லையே,” என்றார்.

கதிரையோடு சேர்த்துத் தூக்கி எறிய எனக்குக் கை துடித்தது.

வீடுகள் கொடுத்து முடிந்தன. ஒழுகும் அந்தக் கூடாரத்திலேயே ராத்தா இத்தாவை முடித்தாள். முடிந்த அன்று காலை வெளியே வந்து, பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தாள்.

“எங்க அந்தத் தம்பி?” என்றாள். “வந்து பார்க்கச் செல்லு.”

அவர் ஆய்வை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தார்.