மெதுவாகப் போனால் மட்டும் கேட்கும் சத்தம்

வெள்ளைக்காரத் துரையின் கறுப்புக் காரைச் சுப்பையன் பதினோரு வருடமாக ஓட்டிவந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் மனைவி சாரதாம்பாள் ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை. மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் அவர்கள் குடியிருந்த வாடகை அறைக்கு முன்னால் எப்போதாவது அது வந்து நிற்கும். வாசற்படியில் நின்று பார்ப்பாள். அவ்வளவுதான்.

மலாயா சுதந்திரம் அடையப்போகிற வருடம் அது. துரை சீமைக்குத் திரும்பக் கப்பலுக்கு நாள் குறித்துவிட்டார். மளிகை மொத்தக் கடை வைத்திருந்த கலியாணசுந்தரம் காரைத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "வண்டியோட டிரைவரும் வருவாருதானே?" என்று அவர் துரையிடம் கேட்டாராம். சுப்பையன் வந்து சொன்னதும் சாரதாம்பாள் அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அந்த மாதம் மலாக்காவில் வேலையில்லாத டிரைவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய துரைமார்களும் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு தடங்கல். காரில் மூன்று வாரமாக ஒரு சத்தம். கலியாணசுந்தரமும் அதைக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டச் சொல்லிப் பார்ப்பேன், சத்தம் இருந்தால் வண்டி வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

பட்டறை வைத்திருந்த சின்னப்பா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சத்துக்காரர். பெயர்தான் தமிழ், பேச்சு மலாய். அவர் இரண்டு தடவை காரை நிறுத்திவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டார். இன்ஜினில் ஒன்றுமில்லை என்று மலாயில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். நிற்கிற கார் சத்தம் போடவில்லை. ஓடும்போதுதான் போட்டது. ஓட்டுகிறவரோ முன்னால் இருந்தார். பின்னால் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

சனிக்கிழமை காலையில் சுப்பையன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றார்.

சாரதாம்பாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். எதிர்வீட்டு நாகம்மா, "என்னா சாரதா, தொரசானி ஆயிட்டியா?" என்று கேட்டாள். சாரதாம்பாள் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

புக்கிட் பாரு சாலைப் பக்கம் கிளம்பினார்கள். சந்து முனையில் கார் மெதுவாகத் திரும்பும்போது கேட்டது. டொக், டொக், கடகட. இடது பக்கம், பின்னால், அவள் காலுக்குக் கீழே. சுப்பையன் கியரை விடுவித்து இன்ஜினை அணைத்தார். கார் இறக்கத்தில் தானாக உருண்டது. அப்போதும் சத்தம் வந்தது. இன்ஜின் இல்லை என்று அவர் முணுமுணுத்தார். மறுபடி கிளப்பி வேகமாக ஓட்டினார். சத்தம் நின்றுவிட்டது.

"போயிருச்சு" என்றார். அவர் முதுகு தளர்ந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

அவளுக்கு அது போனதாகத் தோன்றவில்லை. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவளை ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட அனுப்பினார்கள். கத்தி தீட்டும் கல்லைப் பால் டின்னில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவாள். நடந்தால் கல் லொடலொடவென்று அடிக்கும். டின்னைக் கயிற்றில் கட்டி வேகமாகச் சுழற்றினால் சத்தமே வராது. கல் டின்னோடு ஒட்டிக்கொள்ளும். இருட்டில் மரவரிசைக்குள் பயம் தெரியாமலிருக்க அப்படிச் சுழற்றுவாள்.

இதைக் கார் ஓட்டுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஆயர் குரோ பக்கம் ரப்பர் தோட்டங்கள் வந்துவிட்டன. கார் இன்னும் வேகமெடுத்தபோது முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னங்க, சக்கரத்துக்குள்ள என்னமோ கெடக்கு. வேகமா போனா ஒட்டிக்குது."

அவர் சிரிக்கவில்லை. ஓரமாக நிறுத்தினார். இடது பின்சக்கரத்தின் பளபளப்பான மூடியைத் திருப்புளியால் நெம்பினார். மூடிக்குள்ளிருந்து ஒரு நட்டு மண்ணில் விழுந்தது. இன்னொரு நட்டு விரலாலேயே சுழன்றது.

சுப்பையன் குந்தியபடியே விழுந்த நட்டை எடுத்து மண்ணைத் துடைத்தார். மூன்று வாரத்துக்கு முன் அடைமழையில் சக்கரம் பஞ்சர். துரைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாக மாற்றியது அவர்தான். முடுக்கினாரா இல்லையா என்பது அவருக்கே ஞாபகமில்லை. இரண்டு பட்டறை நாளும் மூன்று வார மனக்குடைச்சலும் அவர் கையால் வந்தவை.

எல்லா நட்டையும் ஸ்பேனர் போட்டு, அதன்மேல் ஏறி நின்று முடுக்கினார். திரும்பும்போது மெதுவாகவே ஓட்டினார். சத்தம் இல்லை. சாரதாம்பாள் சீட்டின் மெத்தையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சுப்பையன் ஓட்டிவந்த கார் அவர்கள் வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் அவர் பக்கத்தில் கலியாணசுந்தரம். பின்சீட்டில் கலியாணசுந்தரத்தின் மைத்துனன் ஜெயபாலன், எண்ணெய் தடவி வாரிய தலையோடு. நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான்.

"சொட்டுச் சத்தம் இல்லையே. என்னா செஞ்சீங்க?" என்று கலியாணசுந்தரம் கேட்டார்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாரா என்று கதவோரம் நின்ற சாரதாம்பாள் ஏங்கினாள். சுப்பையனுக்குப் பொய் வரவில்லை.

"சக்கரத்துல ஒரு நட்டு கழண்டு கெடந்துச்சு, மொதலாளி. நான்தான் சரியா முடுக்கல."

கலியாணசுந்தரம் சிரித்தார். கோபமே இல்லை. "ஒரு நட்டுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துல்ல போயிட்டேன். பெரிய கோளாறுன்னா பழகின டிரைவர் வேணும். இதுக்கு நம்ம ஜெயபாலனே போதுமே. லைசென்ஸ் எடுத்து ஆறு மாசமா சும்மா இருக்கான்."

சுப்பையன் இறங்கிச் சாவியை இருக்கையில் வைத்தார். கண்ணாடி துடைக்கிற துணியை எடுக்கப் போனவர், அதையும் அங்கேயே விட்டுவிட்டார். ஜெயபாலன் முன்னால் வந்து உட்கார்ந்தான். கார் கிளம்பியது.

அன்றிரவு அவர் சாப்பிட்டார், படுத்தார். அவளைக் குறை சொல்லவில்லை. நீ சொல்லாமலிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அவருக்கு வேறு கார் கிடைக்கவில்லை. ஆகஸ்டு மாதம் ஊரெல்லாம் கொடி கட்டியபோது, அவர் பஸ் கொட்டகையில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். கால்விரல் இடுக்குகள் எந்நேரமும் ஊறி வெளுத்துக் கிடந்தன.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தக் கறுப்புக் கார் அவர்கள் சந்து முனையில் மெதுவாகத் திரும்பும். சாரதாம்பாள் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். டொக்கென்று ஒருதரம் கேட்டுவிடாதா என்று மனம் நினைக்கும். அப்படி நினைத்ததற்காக உடனே கூசுவாள்.

கேட்கவில்லை. அவர் ஏறி நின்று முடுக்கிய நட்டு அசையாமல் இருந்தது.