மேரி மன்னிக்கவில்லை

மேரி இறந்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கடைசிக் காலத்தில் அவள் தங்கியிருந்த பொம்மிடி வீட்டிலிருந்து அவளுடைய தம்பி அந்தோணி பேசினான். "அக்கா, அக்கா போயிடுச்சுங்க" என்றான். முதல் அக்கா நான், இரண்டாவது அக்கா அவள் என்று எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாளாம். அவ்வளவுதான்.

அடக்கத்துக்குப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். 'பொறுமையின் வடிவம், மன்னிக்கும் மனம் கொண்ட டாக்டர் ஆரோக்கியமேரி' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே தருமபுரி டாக்டர்கள் பலருடைய பெயர்கள். அதில் ஒரு பெயரைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அது மேரியின் அம்மாவைச் சாகவிட்ட டாக்டருடைய மகனின் பெயர்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மேரியை அறிந்த நீங்கள் அந்தச் சுவரொட்டியை நம்பிவிடக் கூடாது. அவளுக்குப் பொறுமை கிடையாது. அவள் மன்னிக்கவும் இல்லை. நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். அவள் என்றே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தோம். நான் காரிமங்கலம், அவள் பொம்மிடிப் பக்கம். ஒரே தருமபுரி மாவட்டம் என்பதால் விடுதியில் ஒரே அறை. அவளுடைய அப்பா சின்னப்பன் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கடலையும் போட்டுப் பிழைத்தவர். அம்மா அன்னம்மாள். நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அன்னம்மாளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. படிக்கிற பெண்ணுக்குச் சொல்ல வேண்டாம் என்று மறைத்துவிட்டு, தருமபுரியில் பேர்போன ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர், "கொழுப்புக் கட்டிதாம்மா, கரைஞ்சிரும்" என்று ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார். மாதா மாதம் வரச் சொன்னார். மாதா மாதம் போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இது நடந்தது.

மூன்றாம் ஆண்டில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன மேரி, அம்மாவைக் கட்டிப்பிடித்தபோதுதான் வாடையை உணர்ந்தாள். கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. சென்னைக்குக் கூட்டிவந்து காட்டினோம். முதலிலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் மேரி தன் அப்பாவோடு அந்த டாக்டரிடம் போய், ஏன் எங்கேயும் அனுப்பவில்லை என்று கேட்டாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"லேட்டா கொண்டு வந்துட்டீங்க. உங்க ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது."

முதல் மாதத்திலிருந்தே அவரிடம் போனவர்களைப் பார்த்து அவர் சொன்னது அது. அன்னம்மாள் அடுத்து வந்த கோடையில் செத்துப்போனார். கடைசியில் வாடை தாங்காமல் உறவுக்காரர்கள் கட்டிலை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். வலிக்குக் கொடுக்க எங்களிடம் சாதாரண மாத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த அலறலை நானும் கேட்டிருக்கிறேன். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது மேரியின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "அந்தாள நான் வுடமாட்டேன் செல்வி" என்று மட்டும் சொன்னாள்.

அவள் இங்கிலாந்துக்குப் போனதும் அந்த ஆத்திரத்தில்தான். எங்கள் ஊர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ ஒருவர் மூலமாக, இறுதியாண்டு விடுமுறையில் வடக்கு இங்கிலாந்தில் ஒரு ஊர் மருத்துவமனையில் இருந்து கற்றுக்கொள்ள அனுமதி வாங்கினாள். மற்றவர்கள் இதயம், மூளை என்று கேட்கும்போது, புற்றுநோயாளிகளை அங்கே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றாள். சர்ச்சில் வசூல் செய்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். கம்பளிக் கோட்டு என் அண்ணனுடையது. அவளுக்கு முழங்கால் வரை வந்தது.

திரும்பி வந்தவளிடம் பனி, கடை, ரயில் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதெல்லாம் ஒரு பெண்ணைப் பற்றி. அவளுடைய அம்மா வயசு, அதே நோய், அதே புண். வெள்ளை விரிப்பில் சாய்ந்து உட்கார்ந்து, தலை வாரிக்கொண்டு, டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றாளாம். வேளா வேளைக்கு ஒரு திரவ மருந்து கொடுப்பார்கள், வலி இருக்காது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோய் இன்னதென்று அவளிடமே சொன்னார். வீட்டுக்குப் போனபிறகு நர்ஸ் தேடிப்போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். "எனக்கு அழுவையே வரல. அந்த டீக் கிண்ணத்தத் தூக்கி எறியணும் போல இருந்துச்சு" என்றாள் மேரி.

அங்கே டாக்டர்கள் அவ்வளவு நல்லவர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். அங்கேயும் ஒரு டாக்டர் ஒரு கிழவருடைய கட்டியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து, ஏன் விட்டாய் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் வியர்த்து வழியப் பதில் சொன்னதை இவள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

"அங்க கேக்கறதுக்கு ஆள் இருக்குது. இங்க இல்ல. நான் கேக்கறேன்."

வெளிநாட்டுப் படிப்பிலிருந்து மேரி கொண்டுவந்தது இதுதான்.

கேட்பதற்கு வாய்ப்பு தானாகவே வந்தது. தருமபுரியில் அப்போது டாக்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு மன்றம் நடத்தினார்கள். சீமைக்குப் போய்வந்த நம் மாவட்டத்துப் பெண் என்று மேரியைப் பேசக் கூப்பிட்டார்கள். மன்றத் தலைவர் அந்த டாக்டரேதான். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பொன்னாடை போர்த்தி, "நம்ம வூட்டுப் பொண்ணு" என்று வேறு சொன்னார். முன்வரிசையில் டாக்டர்களுடைய மனைவிமார் பட்டுப்புடவையில். நானும் சின்னப்பனும் கடைசி வரிசையில்.

மேரி முதலில் தான் பார்த்ததைச் சொன்னாள். பிறகு, இங்கே நடந்த ஒன்றையும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், கட்டி, ஊசி, களிம்பு, மாதா மாதம் போனது, புண், கொட்டகை, எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லி முடித்தாள். தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, இப்படிப்பட்ட ஆட்களால்தான் நம் தொழிலுக்கே கெட்ட பேர், யார் அந்த டாக்டர் என்று கேட்டார்.

"நீங்கதாங்க சார். அது எங்கம்மா."

யாரோ மைக்கை அணைத்தார்கள். ஒரு டாக்டர்கூட எழுந்து, அவள் சொல்வது உண்மையா என்று தலைவரைக் கேட்கவில்லை. மேரியைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். பொன்னாடையை மடித்து மேடை விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள். வெளியே வந்ததும் சின்னப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குள்ள எறங்கிட்டியே, இன்னும் நாலு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

அதற்கான விலையை அவள் கொடுத்தாள். அரசு வேலையில் சேர்ந்தபோது மொட்டைப் புகார்கள் போயின. மாற்றலுக்கு மேல் மாற்றல். கடைசியில் வேலையை விட்டுவிட்டு என்னோடு காரிமங்கலம் வந்தாள். சந்தைக்குப் பக்கத்தில் இரண்டு அறை பிடித்தோம். சந்தை நாளில் கோழி விற்க வந்த பெண்கள், தட்டைப்பயறு விற்க வந்த பெண்கள் என்று கூட்டம் வரும். சளிக்கு மருந்து கேட்டு வந்தவளைக்கூட மேரி மார்பைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பமாட்டாள். கட்டி இருந்தால் அன்றைக்கே சென்னைக்கு ஏற்பாடு செய்வாள்.

அந்த டாக்டரிடம் களிம்பு வாங்கித் தடவியவர்கள் வந்தால் மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. அந்தப் பெண்ணையும் அவள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குப் பஸ் ஏறுவாள். அவருடைய கிளினிக்கில் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் கதவைச் சாத்தாமல் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி மரியாதையாகப் பேசுவாள்.

"சார், இது கொழுப்புக் கட்டி இல்லீங்க. சென்னைக்கு அனுப்பறேன். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கத்திப் பார்த்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடவில்லை. கொஞ்ச காலத்தில் கட்டி என்று யார் போனாலும் தொட்டுப் பார்க்காமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆரம்பித்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நான் சொன்னதற்கு மேரி சிரித்தாள். "அவரு திருந்தணும்னு எனக்கு ஆசையில்ல. பயப்படட்டும், அது போதும்."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சந்தை நாளன்று, முக்காடு போட்ட ஒரு அம்மாள் கோழிக்காரிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முறை வந்து உள்ளே வந்து முக்காட்டை எடுத்தபோது எனக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. அந்த டாக்டருடைய மனைவி. மன்றக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர். அன்று கேட்டதை மறக்கவில்லை என்றார். இப்போது தனக்கே ஒரு கட்டி இருக்கிறது, சின்னதுதான் என்றார். வீட்டில் சொல்லவில்லை. "அவருகிட்டக் காட்ட எனக்குப் பயமா இருக்குதும்மா" என்றார்.

மேரி பார்த்தாள். முகத்தில் எதுவும் காட்டாமல், நிதானமாக, மற்றப் பெண்களைப் பார்ப்பது போலவே பார்த்தாள். சென்னைக்குத் தானே கூட்டிப்போனாள். அறுவை நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மாள் பேரன் பேத்தி எடுத்துப் பல காலம் வாழ்ந்தார்.

விஷயம் தெரிந்து டாக்டர் எங்கள் அறைக்கு வந்தார். பழக்கூடையோடு வந்தவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். நடுமத்தியானம் வரை, கடைசி ஆள் போகும்வரை, உட்கார வைத்தாள். உள்ளே வந்தவர் நன்றி சொன்னார். நல்லவேளை, சீக்கிரமே பார்த்துவிட்டோம் என்றார்.

"நீங்க பார்க்கலீங்க சார். அவங்களா வந்தாங்க. எங்கம்மா உங்கள நம்பி வந்தாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பாக இருக்கலாம். மேரி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். பழங்களைச் சந்தைப் பெண்களுக்குக் கொடுத்தோம். அவள் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. அந்த அம்மாளைக் காப்பாற்றியதை மன்னிப்பு என்று நினைப்பவர்கள் தவறாக நினைக்கிறார்கள். அந்த மனுஷரால் செய்ய முடியாததை அவர் வீட்டிலேயே செய்து காட்டினாள். அதைவிடப் பெரிய பழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த டாக்டருடைய மகன், சுவரொட்டியில் பெயர் போட்டவர், மேரி பெயரில் வருஷத்துக்கு ஒரு பரிசு கொடுக்கப் போகிறாராம். அன்று வாய் மூடி இருந்தவர்களில் மிஞ்சியவர்கள் மேடையில் உட்காரப் போகிறார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயதாகிவிட்டது, பழையதைக் கிளறாதே என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

மேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவளுடைய கோபம் ஒன்றுதான். அது ஆறவில்லை, ஆறவிடவும் மாட்டேன். நான் போகிறேன். மைக்கை அணைப்பதாக இருந்தால் இப்போதே அணைத்து வைக்கட்டும். மைக் இல்லாமலும் என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.