குளிர் அறையின் ஸ்பீக்கர்

பதினெட்டு வருடமாக ஸ்பீக்கர் பழுது பார்க்கிறேன். பேய்க்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். என் மனைவியே இதை நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், என் கடையில்.

என் தங்கை கணவர் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறார். அன்று மதியம் இரண்டரைக்கு ஒரு பெட்டியோடு வந்தார். குளிர் அறைக்குள் இருப்பவர் பேசினால் வெளியே கேட்பதற்கான பெட்டி அது.

“ஒரு வாரமா ஊமையா கிடக்கு மச்சான். நாலு மணிக்கு நான் உள்ள போகணும். இது இல்லாம பயமா இருக்கு.”

வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்பீக்கர் என்பது காகிதக் கூம்பு, கம்பிச்சுருள், காந்தம். அவ்வளவுதான். மின்சாரம் வந்தால் சுருள் அசையும், கூம்பு அதிரும், சத்தம் வரும். தலைகீழாகவும் நடக்கும். கூம்புக்கு முன்னால் பேசினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, ஸ்பீக்கருக்கு உண்டு.

3.12. அவசரத்தில் பெட்டியின் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையில் செருகிவிட்டேன். கடையின் பெரிய ஸ்பீக்கர் கரகரத்தது. என் மின்விசிறியின் இரைச்சல்தான் அதில் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

டொக்... டொக்...

யாரோ இரும்புக் கதவைத் தட்டினார்கள். கூம்பை விரலால் சுண்டிப் பார்த்தேன். சுண்டிய சத்தம் வரவில்லை. தட்டல் மட்டும் வந்தது.

3.15. பற்கள் கடகடவென அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு மூச்சு...

என் கை ஒயருக்குப் போனது.

“ஒயரைப் பிடுங்காதீங்க...”

பிடுங்கினேன்.

டொக்.

ஒயர் என் கையில். பெட்டியின் கூம்பு தானாக அசைந்தது.

டொக்...

நின்றது.

தங்கை கணவருக்குப் போன் செய்தேன். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறைதான் எடுத்தார்.

“மாப்ள, உள்ள போகாதீங்க!”

“இன்னும் போகலையே. என்னாச்சு மச்சான்?”

உயிர் வந்தது எனக்கு. கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மாலை 6.40-க்குக் கடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. பெட்டியைப் பார்க்காமலேயே உட்கார்ந்தார்.

“போன செவ்வாய்க்கிழமை ஒருத்தர் குளிர் அறைக்குள்ள மாட்டிக்கிட்டு செத்துட்டாரு மச்சான். அன்னிக்கு இந்தப் பெட்டியில டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம். பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு...”

அழுதார்.

“நான்தான் ஒயரைப் பிடுங்கிட்டேன்.”