தண்ணீர் வண்டிமேல் நடந்த விசாரணை

ரப்பர் விலை ஏறியும் இறங்கியும் ஊரை ஆட்டிவைத்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் மூவார் ஊரில் செம்மண் தூசியை அடக்க நகர போர்டு ஒரு தண்ணீர் வண்டி வைத்திருந்தது. இரண்டு மாடுகள், ஒரு பீப்பாய், பின்னால் துளையிட்ட குழாய், முன்னால் வாலண்டைன். மாடுகளுக்குத்தான் வழி தெரியும் என்பது ஊரார் கருத்து. வாலண்டைன் அதை மறுத்ததில்லை.

குழாயைத் திறந்துவிட்டால் ஒரே சீரான இரைச்சல் எழும். சுட்ட மண் நனையும் வாசனை அவனைச் சுற்றிக்கொள்ளும். வண்டி ஆடும். அதற்கப்புறம் அவன் மூவாரில் இல்லை. எங்கே போகிறான் என்று மனைவி டொரத்தி கேட்டால், “கடல் மாதிரி ஒண்ணு. ஆனா நனையாது” என்பான்.

ஜவுளிக்கடை சபாபதிக்கு இந்தக் கடல் பிடிக்கவில்லை. கடை வாசலில் நின்று மூன்று நாள் கூப்பிட்டும் வாலண்டைன் திரும்பிப் பார்க்கவில்லை. போர்டு ஆள் மரியாதை தெரியாதவன், சம்பளத் திமிர் பிடித்தவன் என்று அவர் மனு கொடுத்தார். மனு சேர்மன் மேசைவரை ஏறி, போர்டு இன்ஸ்பெக்டர் ஜெயபாலனிடம் இறங்கியது. அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்துகொண்டவன் வாலண்டைன். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலையோடு போர்டு வீடும் போகும்.

“மறுபடி பாலோ ரப்பர் தோட்டமா? விடியுமுன்ன பேர் கூப்பிடுற பெரட்டுல போய் நிக்கணுமா?” என்றாள் டொரத்தி. “அந்த மனுஷனுக்கு ஒரு ‘ஐயா’ சொல்லியிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்?”

“அவர் கூப்பிட்டாரான்னே தெரியலையே.”

“இதையே போய் அங்க சொல்லி வைக்காதீங்க.”

அதையேதான் போய்ச் சொன்னான்.

“செவிடா நீ?” என்றார் ஜெயபாலன்.

“இல்லைங்க ஐயா. வண்டியில மட்டும் கேக்காதுங்க.”

அப்படி ஒரு வியாதியை இன்ஸ்பெக்டர் கேள்விப்பட்டதில்லை. எதையும் கண்ணால் பார்த்துத்தான் நம்புவார். “நாளைக்கு நானே ஏறி வர்றேன்.”

மறுநாள் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் தெருவில் கேள்வி மேல் கேள்வி. இரண்டாவது தெருவில் கேள்விகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. மூன்றாவதில், வண்டி நிற்பதுபோலவும் தெருதான் அடியில் ஓடுவதுபோலவும் அவருக்குத் தோன்றியது. இது சர்க்கார் நேரம் என்பது நினைவிருந்தது. யாருடைய நேரமோ என்பதுபோல நினைவிருந்தது.

கோட்டு மாட்டிக்கொண்டு காத்திருந்த சபாபதி, “இன்ஸ்பெக்டர் ஐயா! இங்க! இதோ இங்க!” என்று கத்தினார். இரண்டு தலைகளும் ஒரே தாளத்தில் ஆடியபடி அவரைக் கடந்துபோயின. அவர் பின்னாலேயே ஓடினார். தெருக்குழாயடியில் மாடுகள் தாமாக நின்றபோதுதான் பிடிக்க முடிந்தது. முழங்கால்வரை வேட்டி சொட்டியது.

“அலமாக்! எத்தனை தடவ கத்துறது?”

ஜெயபாலன் அவரை மெதுவாகப் பார்த்தார். “எப்போ?”

வாலண்டைன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க அல்ல. அவனுக்கும் அதே சந்தேகம்தான்.

கூப்பிட்டும் திரும்பாதது திமிர் என்று எழுதினால் குற்றவாளிகள் இருவராகிவிடுவார்கள். எனவே இன்ஸ்பெக்டர் நிறைய யோசித்து, தண்ணீரின் இரைச்சலே காரணம் என்று எழுதினார். ஆனால் மனு கொடுத்தவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமே.

“பதில் பேச வேணாம். போற வழியெல்லாம் கையைத் தூக்கி சலாம் வை, அது போதும்” என்றார்.

“யாருக்குங்க?”

“எல்லாருக்கும்தான்யா!”

வேலை நிலைத்தது. வாலண்டைன் சலாம் வைத்தான்: சபாபதிக்கு, முடிவெட்டுகிறவருக்கு, சாத்திய கதவுகளுக்கு, வாகை மரத்துக்கு. போர்டிலேயே பணிவான ஆள் அவன்தான் என்று சபாபதியே சொல்லத் தொடங்கினார்.

ஒருநாள் டொரத்தி மீன் வாங்கிக்கொண்டு எதிரே வந்தாள். அவளுக்கும் அதே சலாம், எங்கோ பார்க்கும் அதே கண். கட்டிய நாளிலிருந்து அவ்வளவு மரியாதை அவளுக்குக் கிடைத்ததில்லை. கூடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவளும் பதிலுக்கு ஒரு சலாம் வைத்தாள்.