முழுநேரமா, சனி ஞாயிறா

மகள் பிளஸ் ஒன் படித்த வருடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. ஒரு பக்கம் அவளுடைய வேதியியல், மறுபக்கம் என் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

"எம்மா, இது எட்டாங்கிளாஸ் கணக்கு. இதையா இவ்வளவு நேரமா முறைச்சிப் பாக்குதீங்க?" என்பாள்.

விகிதக் கணக்குகளை அவள்தான் திருத்தினாள். ஒவ்வொரு தப்புக்கும் என் தலையில் ஒரு குட்டு. இப்போது அவள் கோயம்புத்தூரில் விடுதியில் இருக்கிறாள். மேசை சுத்தமாக இருக்கிறது; எனக்குத்தான் பிடிக்கவில்லை.

தூத்துக்குடியில், முத்தையாபுரம் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் நான் பொறியாளர். அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறும் முன்பே மணி அடிக்க வைப்பது என் வேலை. புதுக் கருவி வாங்கும் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுவார்கள். விவரம் சொல்லி முடித்ததும், "நீங்க கிளம்பலாம் மேடம்" என்பார்கள். முடிவெடுக்கும்போதும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்றுதான் நாற்பது தாண்டி எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டேன்.

இரண்டு வழிகள் இருந்தன. சென்னையில் ஒரு வருட முழுநேரப் படிப்பு. வேலையை விட வேண்டும், மகளையும் விட்டுப் போக வேண்டும். அல்லது மதுரையில் சனி ஞாயிறு வகுப்பு, இரண்டு வருடம். என் கணவர் கப்பலில் இருப்பவர். பாதி நாள் கடலில்தான்.

சென்னை நேர்காணலுக்குப் போனபோது மகளை மாடிவீட்டு அக்காவிடம் விட்டுப் போனேன். அக்கா வீட்டுக்காரரும் கப்பல்காரர்தான். நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"ஏளா, பதறாத. புள்ளைக்கு இளைப்பு வந்து மூச்சு இழுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். இப்ப நல்லாருக்கா."

"ஆக்சிஜன் எவ்வளவு காட்டுதுக்கா?"

"நான் என்ன டாக்டரா? ஒன் மவ ஐஸ்கிரீம் கேக்குதா. அதைவெச்சி நீயே கணக்குப் பண்ணிக்கோ."

உள்ளே போய் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. மத்தியானத்தில் போன் அடித்தால் இப்போதும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

ஊருக்கு வந்ததும், மூச்சின் வேகத்தை அளக்கும் குழாய் ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் அவளை ஊத வைத்தேன். அளவைக் கோடாக வரைந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

"நான் என்ன பாய்லரா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊதுவாள்.

சென்னை, மதுரை இரண்டிலும் இடம் கிடைத்தது. இரண்டுமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாடிப்படியில் நின்று அக்காவிடம், "புள்ளைக்கு இப்படி இருக்கையில படிப்பு என்ன கேடு" என்று சொல்லிக்கொண்டிருந்ததை மகள் கேட்டுவிட்டாள்.

"என் மூச்சை எதுக்கு சாக்கு சொல்லுதீங்க? சின்னப் பிள்ளைங்க கூட கிளாஸ்ல உக்காரப் பயமா இருக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு நான் வெளியூருக்குப் படிக்கப் போறேன்னாலும் இதே மூச்சைத்தான காட்டுவீங்க?"

அக்கா சத்தமில்லாமல் மாடியேறிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி சாப்பாடு வரைக்கும் இருந்தது. அவள் சொன்னதில் பயம் பாதிதான் உண்மை. ஆனால் நான் போகாவிட்டால் அவளும் எங்கும் போக முடியாது என்பது முழு உண்மை. சென்னையை விட்டேன். ஒரு வருடம் பிரிந்திருக்க என்னால் ஆகாது. அதற்கு அவள் மூச்சைக் காரணம் சொல்லவில்லை. மதுரைக்குப் பணம் கட்டினேன்.

முதல் சனிக்கிழமை விடியுமுன்னே மகள் என்னை ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள்.

"எவ்வளவு ஊதினேன்னு போன் பண்ணிக் கேக்கக் கூடாது."

"கேக்கல."

எட்டயபுரம் வரை கேட்கவில்லை. அருப்புக்கோட்டையில் பேருந்து நின்றதும் பொறுக்க முடியாமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

"வந்து படுத்துத் தூங்குதா. நீ பாட்டுக்கு இறங்கி ஓடி வந்துராத, கேட்டியா?"

எதிரே தூத்துக்குடி பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நான் இறங்கினேன். ஒரு டீ குடித்தேன். அந்தப் பேருந்து போய்த் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துவிட்டு, மதுரைப் பேருந்தில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன்.